கூரையில் ஒழுகும் சோலார் ஹீட்டர்: வாரண்டியா, ஊர்த் திருத்தமா, புதிதா?

மாரி தொடங்கியதும் இந்தக் கேள்வியும் வரத் தொடங்கிவிடும். "சோலார் ஹீட்டர் பூட்டி மூண்டு வருசம். தாங்கிக்குக் கீழ தண்ணி சொட்டுது. அஞ்சு வருச வாரண்டி இருக்கு. கடைக்குச் சொல்லுறதோ, இல்லாட்டி இஞ்சயே ஆரையும் பிடிச்சுச் செய்விக்கிறதோ?" கேட்பவர் பாதி நேரம் வன்னியில், விசுவமடுவிலோ மல்லாவியிலோ இருப்பதில்லை. ரொறன்ரோவில் இருப்பார், சூரிச்சில் இருப்பார். வீடும் அம்மா அப்பாவும் இங்கே, காசு கட்டியவர் அங்கே. அவர் அந்தக் கூரையில் ஏறிப் பார்த்ததில்லை. வீட்டில் இருப்பவர்கள் வாரண்டி அட்டையை வாசித்ததில்லை.

லண்டனில் உள்ள பிள்ளைகள் இதை அங்கத்தைய பொயிலர் கணக்கில் யோசிக்கிறார்கள். அங்கே வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பொயிலர் ஒழுகினால், எரிவாயு வேலைக்கென்று பதிவு செய்த ஆளைத்தான் கூப்பிடுவார்கள். வருடா வருடம் சேர்விஸ் செய்த பதிவு இல்லையென்றால் கொம்பனி வாரண்டியை மறுக்கலாம். அழுத்தமானி ஒரு பார் அழுத்தத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் ஒழுக்கு இருப்பதே பலருக்குத் தெரியவரும். இங்கே நம் கூரைகளில் இருப்பது பெரும்பாலும் அழுத்தம் இல்லாத கண்ணாடிக் குழாய் ஹீட்டர். மேலே உள்ள தண்ணீர்த் தாங்கியிலிருந்து நீர் தானாக இறங்கும், வெயிலில் சுடும், குழாய்க்கு வரும். ஏணி உள்ள எவரும் ஏறிக் கழற்றலாம். அப்படிக் கழற்றுவதால்தான் பாதி வாரண்டிகள் போகின்றன.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் விடயம் ஒழுகும் இடம். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். வாரண்டி அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் ஐந்து வருடம் பொதுவாக உள்தாங்கிக்கு, அதாவது வெளித் தகரத்துக்கு உள்ளே சுடுநீர் நிற்கும் தாங்கிக்கு மட்டும். ரப்பர் வளையம், மின் கொயில், வால்வு போன்றவற்றுக்கு ஒரு வருடமோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். கண்ணாடி உடைந்தால் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது, கூரையிலிருந்து இறக்கி ஏற்றும் செலவு யார் தலையில் விழுகிறது என்பது. மூன்றாவது, அந்த வீடு எத்தனை வாரம் சுடுநீர் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் என்பது. பிள்ளை பெற்ற வீடு என்றாலோ, வாதக்காரர் இருக்கிற வீடு என்றாலோ, மார்கழியில் ஆறு வாரம் என்பது பெரிய காலம். நான்காவது உங்கள் கிணற்றுத் தண்ணீர். ஐந்தாவதாக வாரண்டியில் மீதி எவ்வளவு என்று பாருங்கள். ஐந்து வருடத்தில் நாலே முக்கால் முடிந்திருந்தால், இன்றைக்கே எழுத்தில் முறைப்பாடு போடுங்கள். என்ன செய்வதென்ற யோசனை அதற்குப் பிறகு இருக்கட்டும்.

## ஒழுகுகிறதா, ஒழுகுவதுபோல் தெரிகிறதா

காலையில் வெயில் ஏற முன்னர் ஒருமுறை, பின்னேரம் மூன்று மணியளவில் ஒருமுறை பாருங்கள்.

காலையில் காய்ந்து கிடந்து, நல்ல வெயில் நாளில் பின்னேரம் மட்டும் தாங்கியின் மேல் உள்ள காற்றுக் குழாயால் தண்ணீர் வழிந்திருந்தால் அது பெரும்பாலும் பழுதே அல்ல. தண்ணீர் சூடாகும்போது விரியும். 25 பாகையில் உள்ள 200 லீற்றர் நீர் 65 பாகைக்குப் போனால் மூன்று லீற்றருக்கு மேல் கூடுகிறது. குளிர்நீர் வரும் வழியில் ஒருவழி வால்வு பூட்டியிருந்தால் அந்த மூன்று லீற்றருக்கும் காற்றுக் குழாயை விட்டால் வேறு வழியில்லை. இதற்காகக் கொழும்புக்குப் போன் எடுத்துச் சண்டை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். வழிவது மதிலுக்கோ சீலிங்குக்கோ கெடுதல் என்றால் ஒரு சின்னக் குழாயை இணைத்துப் பீலிக்கு விட்டால் போதும். குழாயின் நுனியை மட்டும் அடைக்கக் கூடாது. காற்றுக் குழாயை அடைத்தால் தாங்கி வயிறு ஊதி வெடிக்கும், இல்லையென்றால் உள்ளிழுத்து நசுங்கும்.

தண்ணீர் ஒரேயடியாகக் கொட்டி, மேல்நிலைத் தாங்கியும் வற்றிப் போனால் கண்ணாடிக் குழாய் உடைந்துவிட்டது. வன்னியில் இதற்குக் காரணம் தேடி அலையத் தேவையில்லை: குரங்கு, அல்லது தேங்காய். இரண்டையும் வாரண்டி ஏற்காது. வெளிக் கண்ணாடியில் மட்டும் கீறல் விழுந்தால் ஒழுகாது, ஆனால் குழாயின் அடிமுனையில் இருக்கும் வெள்ளிப் பூச்சு பால்போல வெளுத்துவிடும். உள்ளே வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் குழாய் இனி ஒழுங்காகச் சூடேற்றாது.

கண்ணாடிக் குழாய் தாங்கிக்குள் நுழையும் இடத்தில் மட்டும் ஈரமாக இருந்து, அதைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தால் சிலிக்கன் வளையம் இறுகிப் போயிருக்கிறது. சின்ன வேலை.

சுடுநீர் வெளியே வரும் குழாய்ப் பொருத்தில் ஒழுகினால் அந்தக் குழாயைக் கையால் தொட்டுப் பாருங்கள். சாதாரண பிவிசி போட்டிருக்கிறார்களா? பிவிசி 60 பாகைக்கு மேல் இளகும், வளையும், பொருத்து விட்டுக்கொடுக்கும். சுடுநீருக்கென்று வரும் சிபிவிசி அல்லது பிபிஆர் குழாய்தான் அங்கே இருக்க வேண்டும். இது ஹீட்டரின் பழுதல்ல, பூட்டியவரின் பழுது. பூட்டிய கூலியையும் கடைதான் பில்லில் போட்டிருந்தால் கடையிடம் கேட்கலாம்.

கடைசி வகைதான் பெரிய தலையிடி. வெளித் தகரத்தின் அடியிலிருந்தோ, பக்க மூடியின் ஓரத்திலிருந்தோ இரவு பகல் என்றில்லாமல் சொட்டுச் சொட்டாக வரும். சில நேரம் மஞ்சள் நிறமாக. காலையில் தண்ணீர் முன்போலச் சூடாக இருக்காது. உள்தாங்கியின் ஒட்டில் (வெல்டிங் செய்த இடத்தில்) ஓட்டை விழுந்து, சுற்றியிருக்கும், சூட்டைக் காக்கும் நுரை ஈரமாகிவிட்டது. வாரண்டி என்று ஒன்று இருப்பது உண்மையில் இந்த ஒழுக்குக்காகத்தான்.

| ஒழுகும் இடம் | பெரும்பாலும் யார் பொறுப்பு | என் தெரிவு |
|---|---|---|
| காற்றுக் குழாய், வெயில் நேரம் மட்டும் | பழுதில்லை | விட்டுவிடுங்கள் |
| கண்ணாடிக் குழாய் | நீங்கள் | ஊர்த் திருத்தம் |
| சிலிக்கன் வளையம் | முதல் வருடம் கடை, பிறகு நீங்கள் | ஊர்த் திருத்தம், அறிவித்துவிட்டு |
| சுடுநீர்ப் பொருத்து | பூட்டியவர் | பூட்டியவரைக் கூப்பிடுங்கள் |
| உள்தாங்கி | கொம்பனி | வாரண்டி |

## தெரிவு 1: வாரண்டிக்குப் போவது

காசில்லாமல் முடியும் வேலை என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். தாங்கி இலவசம் என்பது சரி. அட்டையின் பின்பக்கச் சின்ன எழுத்தை வாசித்தால், கழற்றும் கூலி, ஏற்றியிறக்கும் கூலி, போக்குவரத்து மூன்றும் பெரும்பாலும் வாங்கியவர் தலையில் இருக்கும்.

கிளிநொச்சி டவுனில் வாங்கியிருந்தாலும் கொம்பனியின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோதான் இருப்பார்கள். வந்து பார்க்க ஒரு நாள், தாங்கியைக் கொண்டுபோக ஒரு நாள், புதியது வரும்வரை காத்திருப்பது வேறு. புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் என்றால், A9 வீதியில் ஏறும்வரை கொண்டுவர ஒரு பட்டா வாகனத்தையும் (சின்ன லொறி) நீங்களே பிடிக்க வேண்டும். இறக்க முன்னர் தாங்கியை வடிக்க வேண்டும். நிறைந்த 200 லீற்றர் தாங்கி இருநூறு கிலோவுக்கு மேல். கண்ணாடிக் குழாய் ஒவ்வொன்றிலும் இரண்டரை லீற்றருக்கு மேல் தண்ணீர் நிற்கும். அதைக் கழற்றும்போது ஒன்றிரண்டு உடைந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான். திரும்பப் பூட்டும்போது வளையங்கள் அத்தனையும் புதிதாகப் போட வேண்டும், ஏனென்றால் பழையது மீண்டும் இறுகப் பிடிக்காது.

அடுத்தது தண்ணீர். முறைப்பாடு சொன்னதும் கடைக்காரர் சொல்லும் முதல் வசனம் அநேகமாக இதுதான்: "அண்ணை, உங்கட பக்கம் தண்ணியில கல்சியம் கூட. அதுக்குக் கொம்பனி பொறுப்பில்லை." பொய் என்று ஒதுக்கவும் முடியாது. குடிநீருக்கான இலங்கையின் எஸ்எல்எஸ் 614 தரம் மொத்தக் கடினத்தன்மைக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது; வவுனியா, கிளிநொச்சிக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்க்கிறவர்களுக்கு அறிக்கை தேவையில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கல்சியம் படிவதால் குழாய் அடைபடும், கொயில் எரியும், சூடு குறையும்; துருவேறா உருக்குத் தாங்கியின் ஒட்டில் ஓட்டை விழுத்துவது முக்கியமாக உப்புத்தான். முல்லைத்தீவுக் கரையோரம், நந்திக்கடல் பக்கம் கிணறு உவர்ப்பாக இருந்தால் கொம்பனி சொல்வதில் நியாயம் இருக்கலாம். உவர்ப்பே இல்லாத உள்ளூர்க் கிணற்றில் மூன்று வருடத்தில் ஒட்டு விட்டால் அது ஒட்டின் பிழை என்று நின்று வாதாடுங்கள். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டித் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை எடுக்கலாம். குளோரைட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு தாள் பல வாக்குவாதங்களை முடித்துவைக்கும்.

தாங்கிக்குள் மக்னீசியக் கம்பி வைத்திருக்கும் மொடல் என்றால், அதை மாற்றிய பில்லையும் கேட்பார்கள். தாங்கிக்குப் பதிலாக அது கரைய வேண்டும் என்றுதான் வைக்கிறார்கள். கரைந்து முடிந்ததைக் கண்டு மாற்றாமல் விட்டால் உப்பு தாங்கியில் கை வைக்கும். பிரஷர் மோட்டர் பூட்டியிருந்தால் கேள்வியே இல்லை, அழுத்தம் இல்லாத ஹீட்டரில் அது வாரண்டியை உடனே இல்லாமல் செய்துவிடும்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத செலவு: "தாங்கி ஸ்டொக் இல்லை, காசைத் திருப்பித் தாறம்" என்பது. கேட்கப் பெருந்தன்மைபோல இருக்கும். 2021இல் டொலர் இருநூறு ரூபாயளவில் இருந்தது, 2022இல் 360 வரை போனது. அதற்கு முந்திய பில்லின் காசை இன்று கையில் வாங்கினால் அதே ஹீட்டரை வாங்கப் போதாமல் போகலாம். பொருளுக்குப் பொருள் என்று கேளுங்கள். மாற்றித் தந்த தாங்கிக்கு வாரண்டி புதிதாகத் தொடங்குமா, பழையதின் மீதிதானா என்பதையும் எழுதி வாங்குங்கள், பெரும்பாலும் மீதிதான்.

வாரண்டி பொருத்தமாவது உள்தாங்கி ஒழுகி, குறைந்தது ஒன்றரை இரண்டு வருடமாவது மீதியிருந்து, பில்லும் முத்திரை குத்திய அட்டையும் கையில் இருக்கும்போது. பில் வெளிநாட்டில் உள்ள மகன் பெயரில் இருந்தால் அப்பா கதைக்கும்போது தடங்கல் வரும். மகன் ஒரு வரி எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

## தெரிவு 2: ஊரில் திருத்துவது

குழாய், வளையம், பொருத்து ஆகிய மூன்றுக்கும் நான் வேறெதையும் சொல்லமாட்டேன். ஊர்ப் பிளம்பர் அரை நாளில் முடிப்பார். 58 மில்லிமீற்றர் தடிப்பும் 1800 மில்லிமீற்றர் நீளமும் உள்ள குழாய் பரவலாகக் கிடைக்கும் அளவு. வாங்க முன்னர் பழையதை அளந்து பாருங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது இரண்டு. குழாயை வளையத்துக்குள் ஏற்ற சவர்க்காரத் தண்ணீர் தடவ வேண்டும், கிறீஸோ தேங்காயெண்ணெயோ அல்ல. எண்ணெய் பட்டால் வளையம் ஊதி மறுபடி ஒழுகும். குழாயைச் சுழற்றிச் சுழற்றி மெதுவாக ஏற்ற வேண்டும், தட்டி ஏற்றக் கூடாது. அடுத்தது நேரம். வெறுங்குழாய் நடுவெயிலில் 200 பாகைக்கு மேல் சூடாகும். அதற்குள் கிணற்றுத் தண்ணீர் பட்டால் படாரென்று வெடிக்கும். விடியற்காலையில் அல்லது பொழுதுபட்ட பிறகு நிரப்புங்கள். பகலில் கழற்ற வேண்டி வந்தால் தறப்பாளோ உரப்பையோ போட்டு மூடிவையுங்கள். மின் கொயில் இருந்தால் பிறேக்கரை விழுத்திவிட்டுத்தான் ஏறுவது.

உள்தாங்கியை ஒட்டுவது வேறு கதை. ஆர்கன் வெல்டிங் தெரிந்த நல்ல கையால் துருவேறா உருக்கை ஒட்டலாம்தான். ஆனால் வெளித் தகரத்தை வெட்டி, நுரையைச் சுரண்டி, ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டிய பிறகு நுரையைத் திரும்ப நிரப்ப ஊரில் வழியில்லை. சூடு நிற்காது. ஒரு ஒட்டில் ஓட்டை வந்த தாங்கியில் அடுத்ததும் வரும். உள்ளே இரண்டு பிசினைக் கலந்து பூசி அடைப்பவர்களும் உண்டு. குளிக்கிற தண்ணீரில் அது உரிந்து வருவதைக் கண்ட பிறகு நான் யாருக்கும் சொல்வதில்லை. வாரண்டி முடிந்த தாங்கிக்கு, அதுவும் வாங்கிய விலையில் பத்தில் ஒன்றுக்குள் முடியுமென்றால் மட்டும் யோசிக்கலாம்.

வாரண்டி இருக்கும்போது ஊரில் திருத்துவதானால் முதலில் செய்ய வேண்டியது ஒன்று. ஒழுகும் இடத்தைக் காணொளி எடுத்து, தாங்கியின் தொடரிலக்கம் தெரிய ஒரு படமும் எடுத்து, "வளையம் மாற்றப்போகிறோம், உங்கள் ஆள் வருவாரா, நாங்கள் மாற்றலாமா?" என்று கடைக்கு அனுப்புங்கள். "மாத்துங்கோ" என்று ஒரு பதில் வந்தால் அதைச் சேமித்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்துத் தாங்கி ஒழுகும்போது "ஆரோ கழட்டியிருக்கினம், வாரண்டி இல்லை" என்று சொல்ல அப்போது அவர்களுக்கு இடமிருக்காது.

## தெரிவு 3: கழற்றிவிட்டுப் புதிதாக

இதில் இரண்டு வழி. ஒன்று, இன்னொரு சோலார். கிணறு உவர்ப்பு என்றால் அதே வகைத் தாங்கியைத் திரும்ப வாங்குவது அதே பிரச்சினையை இன்னொரு முறை வாங்குவதுதான். உள்ளே கண்ணாடிப் பூச்சுப் பூசிய தாங்கியும் மக்னீசியக் கம்பியும் உள்ள மொடலைக் கேளுங்கள், விலை கூடும். அல்லது மழைநீரையோ குழாய்நீரையோ அதற்கென்று விட வழி இருக்கிறதா பாருங்கள்.

மற்றது, குளியலறையில் சின்ன மின் ஹீட்டர். வெளிநாட்டில் உள்ளவர்கள் இதைக் கேட்டால் முகம் சுழிக்கிறார்கள், "கரண்ட் பில்?" என்று. கணக்கைப் பாருங்கள். ஒருவர் குளிக்க 40 லீற்றர் என்று வையுங்கள். 27 பாகைக் கிணற்றுநீரை 40 பாகைக்குக் கொண்டுவர 0.6 அலகு மின் போகும். அம்மா அப்பா இரண்டு பேரும் நாளுக்கு ஒருமுறை சுடுநீரில் குளித்தால் மாதம் 36 அலகு. அதுவும் வருடம் முழுக்க அல்ல, வன்னியில் சித்திரை வைகாசியில் யாரும் சுடுநீர் கேட்பதில்லை. இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு 200 லீற்றர் தாங்கி முதலிலிருந்தே பெரியது; ஆறு பேர் வந்து நிற்கும் திருவிழாக் காலத்தை நினைத்து வாங்கிப் பூட்டியது.

ஆனால் மின் ஹீட்டருக்கும் மறைவான செலவு உண்டு. பழைய வயரில் பூட்ட முடியாது. மூன்றரை கிலோவாட் இழுக்கும் பொருளுக்குத் தனி வயரும் நல்ல ஏர்த்தும் வேலை செய்கிற ட்ரிப் சுவிட்சும் வேண்டும். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டிய வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றில் விளக்கும் விசிறியும் ஓட மட்டும் வயர் இழுத்திருப்பார்கள். எலெக்ட்ரீசியனுக்குக் கொடுக்கும் காசு ஹீட்டரின் விலையை எட்டலாம், அதில் மட்டும் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கக் கூடாது. மேல்நிலைத் தாங்கி உயரம் போதாவிட்டால் தண்ணீர் வேகம் காணாமல் ஹீட்டர் எழும்பாது என்பதையும் வாங்க முன்னர் பாருங்கள்.

இருவர் வாழும் வீடு, வாரண்டியில் ஒரு வருடத்துக்கும் குறைவான மீதி, கூரையில் ஏற ஆளில்லாத நிலை: இந்த மூன்றும் சேர்ந்தால் நான் மின் ஹீட்டரைத்தான் சொல்வேன். சுடுநீர் விற்கிற விருந்தினர் விடுதி, அல்லது ஆறேழு பேர் உள்ள வீடு என்றால் சோலாரை விடாதீர்கள்.

## கடை கையை விரித்தால்

உள்தாங்கி ஒழுகுகிறது, வாரண்டி இருக்கிறது, கடை மறுக்கிறது. அப்போது போனில் கதைப்பதை நிறுத்திவிட்டு எழுத்துக்கு வாருங்கள். திகதி, பில் இலக்கம், தொடரிலக்கம், எங்கே ஒழுகுகிறது, என்ன கேட்கிறீர்கள் என்று அரைப் பக்கம். கடைக்கு ஒன்று, வாரண்டி அட்டையில் உள்ள இறக்குமதியாளருக்கு ஒன்று, இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாக விற்ற பொருள் பற்றி அதிகார சபை விசாரிக்கலாம். முறைப்பாட்டைக் காலம் கடத்தாமல் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து எங்கே கொடுப்பதென்று கேட்கலாம், கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) விசாரிக்கலாம். தொகை சின்னது என்றால் பிரதேச செயலர் பிரிவில் உள்ள மத்தியஸ்த சபையும் இருக்கிறது. அங்கே சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை, பில்லும் படங்களும் கடைக்காரர் அனுப்பிய வட்ஸ்அப் பதிலும் போதும்.

கடையே மூடிவிட்டது, இறக்குமதியாளரும் அந்தத் தொழிலை விட்டுவிட்டார் என்றால் அந்த வாரண்டி அட்டைக்கு மதிப்பில்லை. தாங்கியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கும்போது துருவேறா உருக்கு என்று சொல்லிக் கொடுங்கள், சாதாரண இரும்பை விட விலை கூடப் போகும். நல்ல கண்ணாடிக் குழாய்களைக் கொடுத்துவிடாதீர்கள். குரங்கு உடைத்த வீட்டுக்காரர் யாராவது தேடி வருவார்.